கறுப்பாகத் தெரியும் எலும்பை எம்.ஆர்.ஐ.யில் அளப்பது எப்படி

முழங்காலின் எம்.ஆர்.ஐ. படத்தை ஒருமுறையேனும் பார்த்தவர்களுக்கு, அதில் எலும்பின் புற ஓடு கரிக்கோடு போலத் தெரிவது நினைவிருக்கும். தசை சாம்பல் நிறத்திலும் மஜ்ஜைக் கொழுப்பு வெண்மையாகவும் தெரிய, இடையிலுள்ள கெட்டி எலும்பு மட்டும் காற்றைப் போலவே எந்தச் சைகையும் தராமல் கிடக்கும். எலும்பில் நீர் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. கெட்டி எலும்பின் கனஅளவில் கனிமம் சுமார் 45 விழுக்காடு, கொலாஜனை முதன்மையாகக் கொண்ட கரிமப் பொருள் சுமார் 35 விழுக்காடு, எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கு நீர். அந்த நீரின் புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அணுக்கருக்கள், சைகை தரத்தான் செய்கின்றன. வழக்கமான ஸ்கேன் அதைப் பதிவுசெய்யத் தொடங்குவதற்குள் அது அடங்கிவிடுகிறது.

3 டெஸ்லா ஸ்கேனரில் ஆய்வுக்கெனச் சில மணி நேரம் கிடைக்கக்கூடிய முதுநிலை மாணவர்களையும், மருத்துவ இயற்பியலாளர்களையும், எலும்பு ஆய்வில் ஈடுபட்டுள்ள மருத்துவர்களையும் எண்ணி இதை எழுதுகிறேன். மாட்டுத் தொடை எலும்பின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள நீரை அளந்து, அந்த நீர் எங்கே எந்த நிலையில் இருக்கிறது என்று பிரித்தறிவது வரை செல்வோம். பஞ்செலும்பு, பல், கனிமத்தின் பாஸ்பரஸ் ஆகியவற்றைப் போகிற போக்கில் தொடுவோம்.

எந்த நீர்?

கெட்டி எலும்பில் நீர் இரண்டு நிலைகளில் இருக்கிறது. இரத்தக் குழாய்கள் செல்லும் ஹாவர்சியன் கால்வாய்களிலும், எலும்புச் செல்கள் குடியிருக்கும் சிறு குழிகளிலும், அக்குழிகளை இணைக்கும் நுண்குழல்களிலும் நிரம்பியிருப்பது ஒன்று; இதைத் துளைநீர் என்போம். கொலாஜன் இழைகளோடும் கனிமப் பரப்புகளோடும் ஒட்டிக்கொண்டு எளிதில் அசையாமல் இருப்பது மற்றொன்று, இது பிணைநீர். வயது ஏற ஏறக் கால்வாய்கள் அகன்று துளைநீர் கூடுகிறது. பிணைநீரோ கொலாஜன் பின்னலின் அளவையும் நிலையையும் காட்டுகிறது. இறந்தோரின் எலும்புத் துண்டுகளை வளைத்து ஒடித்துப் பார்த்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வுகளில், பிணைநீர் மிகுந்த எலும்புகள் கூடுதல் வலிமையோடும், துளைநீர் மிகுந்தவை வலிமை குன்றியும் காணப்பட்டன. எனவே எலும்பில் மொத்தம் எவ்வளவு நீர் இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது. ஒன்று கூடி மற்றொன்று குறையும்போது மொத்த அளவு அசையாமலே இருந்துவிடலாம். எந்த நீரை அளக்கப்போகிறோம் என்பதை ஸ்கேனர் அறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். சைகையைப் பிடிக்கும் சுருள், அணுக்கருக்களைத் தூண்டும் ரேடியோ துடிப்பு, துடிப்புக்கும் பதிவுக்கும் இடையிலான எதிரொலி நேரம் என்று பின்னால் வரும் ஒவ்வொரு தேர்வும் அந்த முடிவைத்தான் பின்பற்றும்.

கனிமத்தை அளக்க எக்ஸ்-கதிர் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். எக்ஸ்-கதிர் உட்கவர்வது பெரும்பாலும் கால்சியத்தின் வேலை. ஆகவே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா என்னும் எக்ஸ்-கதிர்க் கருவியும் சிடி ஸ்கேனும் கனிமத்தை மட்டுமே எண்ணிச் சொல்கின்றன. எலும்புப்புரையில் கனிமமும் கொலாஜனும் சேர்ந்தே குறைகின்றன. எலும்பு மென்மை நோயில் கொலாஜன் இருக்கக் கனிமம் மட்டும் குறைகிறது. டெக்சாவின் ஒற்றை எண்ணில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இதற்கு நேர்மாறான நிலைக்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்து ஷார்ட் என்பவரும் உடன் பணியாற்றியோரும் விவரித்ததும், பிற்காலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வரக் காரணமானதுமான ஃபுளோரோசிஸ் நோயில், எலும்பு எக்ஸ்-கதிர்ப் படத்தில் வழக்கத்தைவிட அடர்த்தியாகத் தெரியும். அந்த அடர்த்திக்கு ஏற்ற வலிமை அதற்கு இருப்பதில்லை. கனிமத்தின் எண்ணோடு நீரின் எண்ணும் கொலாஜனின் எண்ணும் கையில் இருந்தால்தான் இத்தகைய எலும்பைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

சைகை எவ்வளவு நேரம் நிற்கிறது

குறுக்குக் காந்தமாக்கம், அதாவது நாம் பதிவுசெய்யும் சைகை, தணியும் காலத்தை டி2 என்பார்கள். காந்தப்புலத்தின் சீரின்மையால் ஏற்படும் கூடுதல் தணிவையும் சேர்த்தால் அது டி2*. நிறமாலைமானியில் வைத்து அளந்த கெட்டி எலும்பில் மூன்று குழுக்கள் தெரிகின்றன: கொலாஜனின் சொந்தப் புரோட்டான்களுக்கு டி2 சுமார் 60 மைக்ரோவிநாடி, பிணைநீருக்குச் சுமார் 400 மைக்ரோவிநாடி, துளைநீருக்கு ஒரு மில்லிவிநாடியிலிருந்து ஒரு விநாடி வரை. துளைநீரின் நெடுக்கம் இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம், துளையின் சுவரோடு மோதும் நீர்தான் விரைவாகத் தணிகிறது என்பது; துளை பெரிதானால் மோதல் குறையும், டி2 நீளும். ஸ்கேனரில் நாம் பார்க்கும் டி2* வேறு கதை. எலும்புக்கும் நீருக்கும் காந்த ஏற்புத்திறனில் உள்ள வேறுபாடு துளைக்குள்ளேயே புலத்தைக் கலைத்துவிடுவதால், துளைநீரின் டி2* சில மில்லிவிநாடிகளாகச் சுருங்கிவிடுகிறது, பிணைநீருடையது 0.3 மில்லிவிநாடி அளவில் நிற்கிறது.

இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கேனர் திரையில் டிஇ என்று குறிக்கப்படும் எதிரொலி நேரம் 10 மில்லிவிநாடி என்றால், 0.3 மில்லிவிநாடியில் தணியும் சைகை 33 மடங்கு காலத்தைக் கடந்திருக்கும்; எதுவும் மிஞ்சாது. டிஇ 2 மில்லிவிநாடி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும். 0.05 மில்லிவிநாடி, அதாவது 50 மைக்ரோவிநாடி என்றால் 85 விழுக்காடு கைக்கு வரும். கொலாஜனின் 60 மைக்ரோவிநாடிச் சைகையை மருத்துவமனை ஸ்கேனரில் நேரடியாகப் பிடிக்க முயல வேண்டாம் என்பது என் அறிவுரை; அது வேறு வகைக் கருவிக்கு உரிய வேலை.

எலும்பை ஆயத்தம் செய்தல்

பழகுவதற்குக் கறிக்கடை எலும்பே போதும். ஆட்டு நல்லி எளிதில் கிடைக்கும் என்றாலும் அதன் சுவர் மெல்லியது. ஒரு மில்லிமீட்டர் வாக்சலில் (முப்பரிமாணப் படப்புள்ளியில்) இரண்டு மூன்று புள்ளிகளுக்கு மேல் தேறாது, அவற்றிலும் ஓரப் புள்ளிகள் கொழுப்போடோ தசையோடோ கலந்துவிடும். மாட்டுத் தொடை எலும்பின் நடுத்தண்டு தடிப்பானது. அதையே கேட்டு வாங்குங்கள். வேகவைக்காததாக இருக்க வேண்டும். கொதிநீரில் கொலாஜன் குலைந்து ஜெலட்டினாகிவிடுவதால், சூப்பு வைத்த எலும்பில் பிணைநீரை அளப்பதில் பொருளில்லை. மனித எலும்பாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் தொடவே கூடாது.

அறுப்பதற்கு இரும்பு ரம்பத்தைப் பயன்படுத்தாதீர்கள். பல்லிலிருந்து உதிரும் எஃகுத் துகள், கண்ணுக்குத் தெரியாத அளவில் எலும்பில் ஒட்டியிருந்தாலும், படத்தில் அந்த இடத்தைச் சுற்றிப் பெரிய கருந்துளையை உண்டாக்கும். மெதுவாகச் சுழலும் வைரத் தகட்டு அறுவையில், நீர் ஊற்றிக்கொண்டே, மூன்று நான்கு செண்டிமீட்டர் நீளத் துண்டாக அறுக்க வேண்டும். நீர் இல்லாவிட்டால் வெப்பத்தால் வெட்டுப்பரப்பு உலர்ந்து கருகும். மஜ்ஜையை நீர்ப்பீச்சால் அகற்றலாம். உடனே ஸ்கேன் செய்யாவிட்டால், உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில் இட்டு, மைனஸ் 20 டிகிரி செல்சியசில் வையுங்கள். பதப்படுத்தும் ஃபார்மலின் தணிவுக் காலங்களை மாற்றிவிடுவதால் அதைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாத இடத்தில் எல்லா மாதிரிகளையும் ஒரே கால அளவுக்கு ஊறவைத்து, அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேனுக்கு முந்தைய நாள் துண்டை உப்புநீரில் மூழ்கவைத்து, வெற்றிடப் பம்பின் உதவியால் துளைகளில் சிக்கிய காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். காற்று இருக்குமிடத்தில் நீர் இல்லை என்பது மட்டும் சிக்கலன்று; குமிழைச் சுற்றிப் புலம் கலைந்து அக்கம்பக்கத்து நீரின் டி2*-உம் குறைந்து, துளைநீர் பிணைநீராக வேடமிட்டு நிற்கும். பிறகு மேற்பரப்பு நீரைத் துணியால் ஒற்றியெடுத்து, ஃபாம்ப்ளின் என்னும் ஃபுளோரின் எண்ணெயில் துண்டை முழுக்குவது வழக்கம். அதில் ஹைட்ரஜன் இல்லாததால் சைகை வராது. எலும்பு உலராமலும் இருக்கும். அறை வெப்பநிலைக்கு மாதிரி முழுதும் வந்துசேர ஒரு மணி நேரமாவது விடுங்கள், ஏனெனில் தணிவுக் காலங்கள் வெப்பநிலையோடு மாறுகின்றன.

வெறும் சுருளை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். குறுகிய டி2 உடையது எலும்பு மட்டுமன்று. சுருளின் பிளாஸ்டிக் உறை, அதனுள்ளிருக்கும் பசை, தலைக்கு வைக்கும் நுரைத் தலையணை, மாதிரிக் குப்பியின் மூடி ஆகிய எல்லாமே ஹைட்ரஜன் நிறைந்த திடப் பொருள்கள். வழக்கமான ஸ்கேனில் அவை தெரியாததால் தயாரிப்பாளர்களுக்கு அவற்றைப் பற்றிக் கவலையில்லை. மிகக் குறுகிய எதிரொலி நேரத்தில் அவை ஒவ்வொன்றும் ஒளிரத் தொடங்கி, பார்வைப் புலத்துக்கு வெளியே இருந்தாலும் மடிந்து உள்ளே வந்து, எலும்பின் மீதே விழக்கூடும். மாதிரி இல்லாமல், அதே அமைப்புகளோடு ஒரு முழு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். படம் வெறுமையாக இல்லாவிட்டால் சுருளை மாற்றுங்கள், அல்லது அந்த வெற்றுப் படத்தைக் கழிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியைத் தாங்கும் பிடிக்கு டெஃப்ளான் ஏற்றது. அதில் ஹைட்ரஜன் கிடையாது.

ஸ்கேனர் உண்மையிலேயே குறுகிய டி2-ஐப் பிடிக்கிறதா என்று விரைவாகச் சோதிக்கப் பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்று போதும். வழக்கமான ஸ்கேனில் மறைந்தும், நீங்கள் அமைத்த ஸ்கேனில் தெளிவாகவும் அது தெரிந்தால் முதல் படி தேறியது என்று கொள்ளலாம்.

யூடிஇ முறையை அமைத்தல்

மிகக் குறுகிய எதிரொலி நேரத்தில் படமெடுக்கும் முறைக்கு யூடிஇ என்று பெயர். இதில் எதிரொலி என்று ஒன்று உண்மையில் இல்லை. ரேடியோ துடிப்பு முடிந்ததும், சுருள் அனுப்புவதிலிருந்து கேட்பதற்கு மாறியவுடனேயே, கே-வெளியின் (படமாக மாற்றப்படுவதற்கு முன் சைகை நிரப்பப்படும் கணித வெளியின்) மையத்திலிருந்து வெளிநோக்கி ஆரக்கோடு ஆரக்கோடாகச் சைகை பதிவாகிறது. 1973இல் லாட்டர்பர் வெளியிட்ட முதல் காந்த அதிர்வுப் படமும் பல கோணங்களின் வீழ்ப்புகளிலிருந்தே கட்டப்பட்டது. செவ்வகக் கட்ட முறை வந்து அந்தப் பழைய வழியைப் பல ஆண்டுகள் ஓரங்கட்டியிருந்தது, எலும்புக்காக அது மீண்டும் வந்திருக்கிறது.

ஒரு தளத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் இருபரிமாண யூடிஇ-க்கு அரைத் துடிப்புகள் இரண்டை எதிரெதிர்ச் சரிவுப் புலங்களில் (இடத்துக்கு இடம் சீராக மாறும் காந்தப்புலங்களில்) கொடுத்துக் கூட்ட வேண்டும். சுழல் மின்னோட்டங்களால் அந்தக் கூட்டல் சரியாகப் பொருந்தாமல் போவது வழக்கம். சிறு மாதிரிக்கு முப்பரிமாண யூடிஇ-யே பாதுகாப்பானது. ரேடியோ துடிப்பு சில பத்து மைக்ரோவிநாடிக்கு மேல் போகக்கூடாது. துடிப்பு நீளும்போது, காந்தமாக்கம் சாய்ந்துகொண்டிருக்கையிலேயே தணிந்துவிடும். நீங்கள் 10 டிகிரிச் சாய்கோணம் கேட்டாலும் எலும்புக்கு அவ்வளவு கிடைக்காது.

பிரிதிறனைப் பற்றி ஆசைப்படுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சரிவுப் புலத்தின் உச்சம் மீட்டருக்கு 40 மில்லிடெஸ்லா, ஏறும் வேகம் மீட்டருக்கு விநாடிக்கு 150 டெஸ்லா என்று கொள்வோம். பூச்சியத்திலிருந்து உச்சத்தை எட்டவே 267 மைக்ரோவிநாடி ஆகும். அதற்குள் கே-வெளியில் கடந்த தொலைவு 2.2 மில்லிமீட்டர்ப் பிரிதிறனுக்குத்தான் போதும். ஒரு மில்லிமீட்டரை எட்ட இன்னும் 160 மைக்ரோவிநாடி வேண்டும். மொத்தம் 0.43 மில்லிவிநாடி. அதாவது, கே-வெளியின் விளிம்பை அடையும்போது பிணைநீரின் சைகையில் நான்கில் ஒரு பங்குகூட மீதமில்லை. படம் அந்த அளவுக்கு மங்கும். முப்பரிமாண ஆரப் பதிவில், பதிவு நேரம் டி2*-இன் சுமார் 0.7 மடங்காக இருக்கும்போது சைகைக்கும் கூர்மைக்கும் இடையே நல்ல சமநிலை கிடைக்கிறது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. திரையில் 0.5 மில்லிமீட்டர் என்று எண் இட்டுக்கொள்ள ஸ்கேனர் தடை சொல்லாது. பிணைநீரைப் பொறுத்தவரை அது பெயரளவுப் பிரிதிறனே. மருத்துவமனைக் கருவியில் எலும்பின் நீருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே நேர்மையான எல்லை என்று ஏற்றுக்கொண்டு, கால்வாய்களைப் பார்க்கும் எண்ணத்தைக் கைவிட வேண்டும். கால்வாயின் உருவத்தைக் காண மைக்ரோ சிடி இருக்கிறது. இங்கே நாம் அளப்பது அவற்றிலுள்ள நீரின் தொகையை.

எத்தனை ஆரக்கோடுகள் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. பக்கத்துக்கு 64 புள்ளிகள் என்றால், 64-இன் வர்க்கத்தைப் பையால் பெருக்க, சுமார் 12,900 கோடுகள். டிஆர் எனப்படும் மீள்நேரம் (ஒரு துடிப்பிலிருந்து அடுத்த துடிப்பு வரையிலான நேரம்) 10 மில்லிவிநாடி என்றால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். 128 புள்ளிகளுக்கு அது எட்டரை நிமிடத்தைத் தாண்டும். மாதிரி அசையாது என்பதால் குறைவான கோடுகளில் எடுத்து மிச்சம் பிடிக்க இங்கே தேவையில்லை. உயிருள்ளவரின் காலை ஸ்கேன் செய்யும்போதுதான் அந்தச் சமரசம் வரும்.

சரிவுப் புலம் கட்டளையிட்ட நேரத்துக்குச் சில மைக்ரோவிநாடி பிந்தியே எழும். செவ்வகப் பதிவில் இது பெரிதாகத் தெரியாது. மையத்திலிருந்து தொடங்கும் ஆரப் பதிவில் ஒவ்வொரு கோடும் மையத்தைத் தவறவிட, உருண்டையான குப்பியைச் சுற்றி ஒளிவட்டமும் உள்ளே ஏற்றத்தாழ்வும் தோன்றும். கே-வெளிப் பாதையை அளந்து திருத்தும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் அதை எப்போதும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் உருண்டை நீர்க்குப்பி ஒன்றை வைத்து, தாமத எண்ணைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒளிவட்டம் மறையும் எண்ணைக் கண்டுபிடிக்கலாம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஒரு நாள் செய்தால் பல மாதங்களுக்கு உதவும்.

சரிவுப் புலத்தை முன்கூட்டியே ஏற்றிவைத்துவிட்டுப் பிறகு துடிப்பைக் கொடுக்கும் இசட்டிஇ (பூச்சிய எதிரொலி நேர) முறையில் ஏறும் நேரம் வீணாவதில்லை, ஓசையும் மிகக் குறைவு. அதற்கும் விலை உண்டு. 20 செண்டிமீட்டர்ப் பார்வைப் புலத்தில் 40 மில்லிடெஸ்லாச் சரிவு இருக்கும்போது அதிர்வெண் பரப்பு 340 கிலோஹெர்ட்ஸ். அதை முழுவதும் சீராகத் தூண்ட 3 மைக்ரோவிநாடித் துடிப்பு வேண்டும். 20 மைக்ரோடெஸ்லா ரேடியோப் புலத்தில் அதற்குள் கிடைக்கும் சாய்கோணம் ஒரு டிகிரிக்கும் குறைவு. அதனால் நடைமுறையில் சரிவைத் தணித்தே வைக்கிறார்கள். சுருள் மாறும் இடைவெளியில் கே-வெளியின் நடுப்புள்ளிகள் தவறிப்போவதால், அவற்றைத் தனியே எடுத்து நிரப்பவும் வேண்டும்; பெட்ரா, வாஸ்பி என்ற முறைகள் அந்த நிரப்புதலில்தான் வேறுபடுகின்றன. இசட்டிஇ படத்தை மடக்கை எடுத்துத் தலைகீழாக்கினால் சிடி போலவே எலும்பு வெள்ளையாகத் தெரியும். மண்டையோட்டு எலும்பைக் கதிர்வீச்சின்றிப் பார்க்க அது மிகவும் பயன்படும். ஆனால் அந்த வெண்மை கனிமத்தின் அளவன்று, நீர் குறைவு என்பதன் நிழல் மட்டுமே. அதிலிருந்து அடர்த்தி எண்ணைப் படிக்க முற்படாதீர்கள்.

சான்றுக்குப்பியை வைத்து நீரின் அளவைக் காணுதல்

படத்தின் பிரகாசம் தன்னளவில் எதையும் சொல்லாது. பக்கத்தில் அளவு தெரிந்த ஒன்று இருக்க வேண்டும். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் இருப்பதால் இங்கே சைகை தராத கன நீர் 80 பங்கு, சாதாரண நீர் 20 பங்கு கலந்து, மாங்கனீசு குளோரைடு சேர்த்து, டி2* 0.3 மில்லிவிநாடிக்கு அருகில் வரும்படி செய்த கரைசல் இதற்கு ஏற்றது. லிட்டருக்கு 25 மில்லிமோல் அளவில் தொடங்கி, அளந்து பார்த்துச் சிறிது கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எலும்பின் நீர் அளவும் தணிவும் ஏறத்தாழ இதே இடத்தில் இருப்பதால், பதிவு நேரத்து மங்கலும் எதிரொலி நேரத்து இழப்பும் இரண்டிலும் ஒன்றுபோல நேர்ந்து, வகுக்கும்போது நீங்கிவிடும்.

எலும்பின் சைகையைக் குப்பியின் சைகையால் வகுத்து 20-ஆல் பெருக்கினால் நீரின் கனஅளவு விழுக்காடு வந்துவிடும் என்று தோன்றும். துடிப்புக்குப் பின் காந்தமாக்கம் பழைய நிலைக்கு மீளும் காலமான டி1-இன் வேறுபாடு இங்கே குறுக்கிடுகிறது. எலும்பு நீரின் டி1 சுமார் 200 மில்லிவிநாடி. மாங்கனீசுக் கரைசலுடையது சில மில்லிவிநாடிகள். டிஆர் 10 மில்லிவிநாடி, சாய்கோணம் 10 டிகிரி என்றால், கரைசல் ஏறத்தாழ முழுமையாக மீண்டுவிட, எலும்பு 77 விழுக்காடு மட்டுமே மீண்டிருக்கும். திருத்தாமல் விட்டால் எலும்பின் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாகக் கிடைக்கும். ஆகவே டி1-ஐ உங்கள் மாதிரியிலேயே, சாய்கோணத்தையோ டிஆர்-ஐயோ மாற்றி மாற்றி எடுத்து அளந்துவிடுங்கள். ரேடியோப் புலம் சுருளுக்குள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. குப்பியை எலும்புக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைத்து, புல வரைபடம் ஒன்றையும் எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டு நீரையும் பிரித்தல்

எளிய வழி, இரண்டே எதிரொலி நேரங்களில் எடுத்து வகுப்பது. டிஇ 0.05 மில்லிவிநாடியில் இரண்டு நீரும் தெரியும். 2 மில்லிவிநாடியில் பிணைநீர் மறைந்து, டி2* 3 மில்லிவிநாடி உள்ள துளைநீரில் பாதி மட்டும் மிஞ்சும். பின்னதை முன்னதால் வகுத்தால் கிடைப்பது துளைமைக் குறியீடு. இது துளைமையின் விழுக்காடு அன்று, அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஓர் எண். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2015இல் முன்வைத்த இம்முறை ஒரு சில நிமிடத்தில் முடிந்துவிடுவதால் நோயாளிகளிடம் பயன்படுத்த ஏற்றது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நம்பலாம்.

இரண்டாம் வழி, 0.05 முதல் 6 மில்லிவிநாடி வரை எட்டுப் பத்து எதிரொலி நேரங்களில் எடுத்து, இரண்டு அடுக்குக்குறித் தணிவுகளின் கூட்டலாகப் பொருத்துவது. இதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்பு ஸ்கேனர் தானாகவே பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட வேண்டும்; இல்லையேல் தணிவு வளைவில் காரணமற்ற படிகள் தோன்றும். சைகையின் நேர்மறை அளவை மட்டும் காட்டும் பருமப் படத்தில் இரைச்சல் பூச்சியத்துக்குக் கீழே போகாது என்பதால் வளைவின் வால் மிதந்து நிற்கும்; அந்த மிதப்பைப் பொருத்துதலில் சேர்க்காவிட்டால் இல்லாத துளைநீர் முளைக்கும். மூன்றாவது கொழுப்பு. 3 டெஸ்லாவில் கொழுப்பும் நீரும் சுமார் 450 ஹெர்ட்ஸ் வேறுபடுவதால், 2.2 மில்லிவிநாடிக்கு ஒருமுறை சேர்ந்தும் பிரிந்தும் வளைவில் அலை எழும்பும். ஆரப் பதிவில் கொழுப்பு இடம்பெயர்வதற்குப் பதில் சுற்றிலும் கசிந்து பரவுகிறது. எனவே எலும்பின் உட்சுவரை ஒட்டிய புள்ளிகளை அளவிடும் பகுதியிலிருந்து விலக்கிவிடுங்கள்.

மூன்றாம் வழி, ஒரு நீரை அடக்கி மற்றொன்றை மட்டும் படமாக்குவது. பல மில்லிவிநாடி நீளும் அடியபாட்டிக் (ரேடியோப் புலம் சீரற்றிருந்தாலும் சரியாக வேலை செய்யும்) தலைகீழ்த் துடிப்பு, நீண்ட டி2 உடைய துளைநீரையும் கொழுப்பையும் முழுதாகத் தலைகீழாக்கும். பிணைநீரோ துடிப்பு முடிவதற்குள் தணிந்து, வெறுமனே பூச்சியமாகிவிடும். பிறகு துளைநீர் பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில் யூடிஇ எடுத்தால், அதற்குள் ஓரளவு மீண்டுவிட்ட பிணைநீர் மட்டும் தெரியும். துளைநீரின் டி1 நமக்குத் துல்லியமாகத் தெரியாதே என்ற ஐயம் எழலாம். டிஆர் குறுகலாக இருந்தால் அது பெரிய தடையன்று: டிஆர் 300 மில்லிவிநாடி எனில், டி1 1000 மில்லிவிநாடி உள்ள நீர் 139-ஆவது மில்லிவிநாடியிலும், 600 உள்ளது 131-இலும், 380 உள்ள மஜ்ஜைக் கொழுப்பு 121-இலும் பூச்சியத்தைக் கடக்கின்றன. 130 என்று வைத்தால் மூன்றும் பெரும்பாலும் அடங்கிவிடும். டிஆர்-ஐ நீட்டினால் இந்த நெருக்கம் குலைந்துவிடும். எதிர்ப்பக்கமாக, அடுத்தடுத்து இரண்டு அடியபாட்டிக் துடிப்புகளைக் கொடுத்தால் துளைநீர் இருமுறை புரண்டு பழைய நிலைக்கே வரும், பிணைநீர் அழிந்துவிடும். துளைநீர் மட்டும் படமாகும். நேரம் இருந்தால் இந்த மூன்றாம் வழியையே தேர்ந்தெடுங்கள். பொருத்துதலின் ஊகங்கள் இதில் மிகக் குறைவு.

பஞ்செலும்பும் பல்லும்

பஞ்செலும்பின் சட்டங்கள் 100 முதல் 150 மைக்ரோமீட்டர்த் தடிப்பே கொண்டவை. அவற்றின் நீரைப் படமாக்குவதைவிட, இடையிலுள்ள மஜ்ஜையை வெண்மையாக எடுத்து, கறுப்புச் சட்டங்களை அதில் கோடுகளாகக் காண்பதே வழக்கம். பென்சில்வேனியாவில் வெர்லி என்ற ஆய்வாளரின் குழுவினர் மணிக்கட்டில் 137 மைக்ரோமீட்டர்ப் பக்கமும் 410 மைக்ரோமீட்டர்த் தடிப்பும் கொண்ட வாக்சல்களில் இதைச் செய்தார்கள். சரிவு எதிரொலி முறையைவிடச் சுழல் எதிரொலி முறையை இங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னதில் காந்த ஏற்புத்திறன் வேறுபாடு சட்டங்களைத் தடித்துக் காட்டிவிடும்.

பல் எனாமலின் எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமம். மருத்துவ ஸ்கேனரில் அது கறுப்பாகவே இருக்கட்டும். எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீர் இருப்பதால் யூடிஇ-யில் அது தெரியும். சொத்தை அரித்த இடத்தில் கனிமம் போய் நீர் புகுந்திருப்பதால் இன்னும் பிரகாசமாகத் தெரியும்.

கனிமத்தையே பார்க்க

பாஸ்பரஸ்-31 அணுக்கரு இயற்கையில் 100 விழுக்காடு கிடைப்பது. எலும்புக் கனிமமான அபடைட்டில் அது நிறைந்திருக்கிறது. ஆனால் அதன் அதிர்வெண் டெஸ்லாவுக்கு 17.2 மெகாஹெர்ட்ஸ், புரோட்டானுக்கோ 42.6. 3 டெஸ்லாவில் 51.7 மெகாஹெர்ட்சுக்கு இசைத்த தனிச் சுருளும், அந்த அதிர்வெண்ணில் இயங்கும் பெருக்கியும் வேண்டும். பல மருத்துவமனைகளில் இவை இருப்பதில்லை. டி2* மைக்ரோவிநாடிக் கணக்கில் குறுகியது, டி1-ஓ விநாடிக் கணக்கில் நீண்டது, புல வலிமை ஏற ஏற மேலும் நீள்வது. டி1 20 விநாடி, டிஆர் 200 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால் உகந்த சாய்கோணம் 8 டிகிரி மட்டுமே. வாக்சலைப் பல மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக்கி, அபடைட் பொடியைச் சான்றாகப் பக்கத்தில் வைத்து, மணிக்கணக்கில் சராசரி எடுக்க ஆயத்தமாக வேண்டும். வலிமையான புலமுள்ள சிறு விலங்கு ஸ்கேனர் அருகில் கிடைத்தால் அங்கே செல்வதே விவேகம்.

தராசில் சரிபார்த்தல்

எல்லாம் முடிந்தபின் துண்டை எறிந்துவிடாதீர்கள். ஈரத்தோடு எடை போட்டு, நீரில் மூழ்கவைத்து எடை போட்டு, ஆர்க்கிமிடீஸ் முறையில் கனஅளவைக் கணக்கிடுங்கள். பிறகு 105 டிகிரி உலர் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை வைத்தால், போன எடை நீருடையது. கனஅளவால் வகுத்தால் அது ஸ்கேனர் சொன்ன மொத்த நீரோடு ஒப்பிடக்கூடிய எண்ணாகும். ஸ்கேனர் எண் தெளிவாகக் குறைவாக இருந்தால் டி1 திருத்தத்தையும் சாய்கோணத்தையும் முதலில் ஐயப்படுங்கள். கூடுதலாக இருந்தால் சுருளின் பிளாஸ்டிக்கையும் ஒற்றியெடுக்காத மேற்பரப்பு நீரையும். கடைசியாக 600 டிகிரி உலையில் ஒரு நாள் வைத்தால் கொலாஜன் எரிந்து வெண்சாம்பல் மிஞ்சும். அதன் எடை கனிமம், உலர் எடைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு கரிமப் பொருள். பிணைநீர் எண்ணை எந்தக் கரிமப் பொருளின் அளவோடு ஒப்பிட வேண்டுமோ அது இதுதான். எரித்தபின் அந்தத் துண்டை மீண்டும் ஸ்கேன் செய்ய முடியாது என்பதால், படங்கள் எல்லாம் சரியாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்று உலையை மூட்டுவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.